முத்து எடுத்தது யார்? மூலதனம் சேர்ந்தது யாருக்கு?

இப்பொழுது நம் நாட்டில் எங்கு பார்த்தாலும் "புதுத்தொழில்", "புத்தாக்கம்", "ஸ்டார்ட்அப்" என்கின்ற பேச்சு பலமாக நடந்து வருகின்றது. சென்னையில் மாநாடு கூட்டுகின்றார்கள். மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஈரோட்டிலும் தமிழ்நாடு சர்க்கார் அதற்கென்றே வட்டார மையங்கள் ஏற்படுத்தியிருக்கின்றது. மேடை ஏறுகின்றவர்கள் எல்லாம், "மூளையும் துணிவும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் முதலாளி ஆகலாம்" என்று உபதேசிக்கின்றார்கள். இந்த வார்த்தை எவ்வளவு தூரம் உண்மை என்பதை வேம்பார்க் கடற்கரையில் நின்று சற்று யோசித்துப் பார்க்க வேண்டுமென்பதே நமது விருப்பம்.

புதுத்தொழிலுக்கு நாம் விரோதிகளல்ல. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2017-ல் தோன்றிய அக்னிகுல் என்னும் கம்பெனி, ஒரே துண்டாக அச்சிட்டு எடுத்த எஞ்சினை வைத்து 2024 மே 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டது. இதைக் கேட்டு மகிழாதவன் அறிவுக்குப் பகைவனே ஆவான். ஆனால் அந்த வாலிபர்களுக்கு மூளையும் துணிவும் மாத்திரமா இருந்தன? பக்கத்திலே பேராசிரியர் இருந்தார், பட்டறை இருந்தது, பணம் போட ஆள் இருந்தது, ஒரு சோதனை தவறினால் மறு சோதனை செய்ய அவகாசம் இருந்தது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு, மூளையை மாத்திரம் எடுத்துக் காட்டுவது யோக்கியமாகுமா?

வேம்பார்க்காரனுக்குத் துணிவு இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? முத்துக்குளித்துறைக் கரையின் ஏழு ஊர்களில் ஒன்றல்லவா அது? காலில் கல்லைக் கட்டிக் கொண்டு, மூச்சை அடக்கி, கடலின் அடிவரை போய்ச் சிப்பி அள்ளி வந்தவர்களின் கரையல்லவா? கடலுக்குப் போகாதவன் பனைக்குப் போனான். காலில் தளைநார் மாட்டி, காலையும் மாலையும் மரம் ஏறி, பாளை சீவி, பதநீர் இறக்கி, அவன் குடும்பம் அடுப்பில் வெந்து காய்ச்சிய கருப்பட்டியால்தான் வேம்பாரின் பெயர் வெளியூர்களில் பரவிற்று. உயிரைப் பணயம் வைத்தவர்கள் இவர்கள். ஆனால் பணத்தைக் கண்டவர்கள் யார்?

பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கின்றார். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாமீன் கடிக்காமல் மந்திரம் போட்டவருக்கு. அந்த மந்திரக்காரரை அவர் பிராமணர் என்றே குறிக்கின்றார். மந்திரம் பகலுக்கு மாத்திரந்தான். இரவில் திருடர் இறங்காதபடி அதை அவிழ்த்து விடுவார்களாம்! பின்னால் கடற்கரையார் கிறிஸ்தவர்களானார்கள். மதம் மாறிற்றேயொழிய மந்திரம் மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் "கடல்கட்டி" என்று ஒருவரை வைத்து வெள்ளைக்காரச் சர்க்காரே அவரைப் பராமரித்தது. அந்தச் சர்க்காரோ தூத்துக்குடியில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கைத் தான் எடுத்துக் கொண்டது. நீரில் இறங்காதவர்களுக்கெல்லாம் பங்கு போன பிறகு மிஞ்சினதே மூழ்கினவனுக்கு! இப்படிப்பட்டவன் கையில் மூலதனம் எப்படிச் சேரும்?

இது போதாதென்று அவன் மூளைக்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள். சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகின்றது என்று கதை கட்டினார்கள். நட்சத்திரம் முத்துக் கொடுக்குமென்று நம்புகின்றவன் சிப்பியை ஏன் ஆராயப் போகின்றான்?

ஜப்பானிலே தோபா என்னும் ஊரில் கோதுமைச் சேவை விற்ற ஒருவரின் மகன் மிக்கிமோட்டோ. அவர் சுவாதி நட்சத்திரத்துக்குக் காத்திருக்கவில்லை. தோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் மித்சுகுரியிடம் போய் யோசனை கேட்டார். சிப்பிக்குள் கருவை வைத்துக் கடலில் வளர்த்தார். பல சோதனைகள் வீணாகி, 1893-ல் அரை வட்ட முத்தை எடுத்தார். சேவைக் கடைக்காரர் மகனும் பேராசிரியரும் ஒரே மேஜையில் உட்கார முடிந்தது. முத்துத் தொழில் ஒன்று உலகத்திற்குக் கிடைத்தது.

நம்மிடம் அந்த அறிவு வராமலில்லை. தூத்துக்குடிப் பாரில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின், 1973-ல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிக்கு அடுத்த வேப்பலோடையில் உருண்டை முத்தைச் செயற்கையாகவே விளைவித்துக் காட்டினார்கள். 1981-ல் சிப்பிக் குஞ்சைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்தார்கள். இதற்கிடையில், 1977-ல், தூத்துக்குடிக்கு மீன்வளக் கல்லூரியும் வந்தது. அறிவு வந்தது, கல்லூரி வந்தது; முத்துக்குளித்தவன் பேரன் முத்துப் பண்ணைக்கு முதலாளியாக வந்தானா என்பதுதான் நமது கேள்வி.

"இது திறந்த கடல், அலையடிப்பு அதிகம், ஜப்பானைப் போல் ஒதுக்கமான குடாக்கள் இல்லை" என்று சமாதானம் சொல்லுவார்கள். அது மெய்தான். மெய்யாயிருப்பதால்தான் பலமுறை தவறித் தவறிக் கற்க வேண்டியிருக்கின்றது. தவறுவதற்குச் சக்தி உள்ளவன் யார்? பட்டணத்துப் பிள்ளை மூன்று கம்பெனி வைத்து மூன்றிலும் நஷ்டப்பட்டால் அதற்கு "அனுபவம்" என்று பெயர். வேம்பார்ப் பிள்ளை ஒரு தடவை நஷ்டப்பட்டால் அதற்குக் கடன் என்று பெயர். வலையும் வள்ளமும் வட்டிக்குப் போய்விடும்.

பனை ஏற இயந்திரம் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் மட்டையின் கருக்கு எங்கே கிழிக்கும், பாளையைச் சீவ உடம்பை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று அறிந்தவன் பனையேறி ஒருவனே. அவனிடம் பட்டறை இல்லை. பட்டறை உள்ளவனோ பனையில் கால் வைத்ததில்லை. கை வேலை செய்கின்றவன் தாழ்ந்த ஜாதி, தலை வேலை செய்கின்றவன் உயர்ந்த ஜாதி என்று கையையும் தலையையும் வெட்டிப் பிரித்ததன் பலனல்லவா இது?

இப்பொழுது அதே ஜில்லாவின் தென்பகுதியில், பனங்காட்டுத் தேரி நாடாகிய குலசேகரன்பட்டினத்தில், ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அஸ்திவாரம் போட்டாய்விட்டது. சிறு ராக்கெட்டுகள் அங்கிருந்து கிளம்பும், பட்டணத்துப் புதுத்தொழில்காரர்களும் வருவார்கள், வரட்டும். ஆனால் இந்தக் கரையின் பிள்ளைகள் அங்கே எந்த வேலைக்குப் போவார்கள்? வாசல் காக்கவா? புல் செதுக்கவா? இதற்கு இன்றே பதில் வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு கேட்டால், "தகுதி இல்லை" என்ற பழைய பதில்தான் வரும்.

ஆகவே சர்க்காரையும் சர்வகலாசாலையாரையும் கேட்கின்றோம்: கல்லூரிப் பட்டறையைக் கடற்கரைக்குக் கொண்டு வாருங்கள், பனையேறியையும் மூழ்கினவன் சந்ததியையும் வேலையாளாக அல்ல, பங்காளியாகச் சேருங்கள், ஜாமீன் கேட்காமல், நஷ்டமானால் வள்ளத்தைப் பிடுங்காமல், முதல் கொடுங்கள். இது தர்மமல்ல. எழுநூறு வருஷமாக நீரில் இறங்காதவர்கள் தின்ற பங்கின் பாக்கி.

வேம்பார் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. பூசணிக்காய் உடைப்பதாலும் நேர்த்திக்கடன் வைப்பதாலும் எந்த எஞ்சினும் ஓடியதில்லை. சுவாதி மழைக்குக் காத்திருந்தது போதும். சிப்பியைத் திறந்து பாருங்கள், கணக்கைக் கேளுங்கள், உங்கள் பங்கையும் கேளுங்கள்.