துளிக் குழாயை மூடுங்கள், லைற்றைக் குறையுங்கள்

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளி. வாளிக்குள் புதுப் பவளம். மேலேயிருந்து மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக உப்புத்தண்ணீர். மூன்று மணித்தியாலம்! இப்படிச் செய்பவர்தான் பொறுப்பானவர் என்று ரீஃப் தொட்டி வைத்திருக்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள் என்பதற்காக ஒரு விசயம் சரியாகிவிடாது.

பவளம் ஒரு விலங்கு, ஆனால் மீனைப்போல இல்லை. மீன் தன் உடம்பின் உப்பைத் தானே கட்டுப்படுத்தும். பவளத்துக்கு அது முடியாது. சுற்றியுள்ள தண்ணீரின் உப்போடு சேர்ந்து அதன் உடம்பும் ஏறி இறங்கும். அப்படியென்றால் முதலில் செய்யவேண்டியது அளப்பது. பைத் தண்ணீரில் இரண்டு துளி எடுத்து ரிஃப்ராக்டோமீற்றரில் பாருங்கள். உங்கள் தொட்டி 35 பிபிடி, பை 34 என்றால் வெப்பம் சமமாகும்வரை பையை 20 நிமிடம் மிதக்கவிட்டால் போதும். பை 30 என்று காட்டினால் மெதுவாக ஏற்றத்தான் வேண்டும், அதுவும் வாளிக்குள் ஹீற்றர் போட்டு. ரொறன்ரோவில் தை மாதம் 20 பாகை அறையில் இரண்டு லீற்றர் தண்ணீர் எவ்வளவு நேரம் சூடாக இருக்கும்? தொட்டி 26 பாகை. நீங்கள் பழக்குவது குளிருக்கு.

உண்மையான ஆபத்து வெளிச்சத்தில் இருக்கிறது. அதைப்பற்றிக் கடையில் ஒருவரும் கதைப்பதில்லை.

பவளத்தின் திசுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியில் உணவு தயாரித்துப் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. கடையின் மங்கலான நீல லைற்றில், சொல்லப்போனால் 80 பார் அளவில், மாதக்கணக்காக இருந்த துண்டை நீங்கள் 300 பாருக்குக் கீழே வைக்கிறீர்கள். பாசிக்குத் தாங்கக்கூடியதைவிடக் கூடுதல் ஒளி. ஒட்சிசன் நச்சாக மாறுகிறது, பவளம் பாசியை வெளியே தள்ளுகிறது, ஒரு வாரத்தில் துண்டு வெள்ளை. 2024 சித்திரையில் நான்காவது உலகளாவிய பவள வெளிறல் என்று அறிவித்தார்களே, அங்கே காரணம் கடலின் சூடு. ஆனால் உடம்புக்குள் நடப்பது ஏறக்குறைய இதேதான். அந்தச் செய்தியைக் கவலையோடு பகிர்ந்த பிள்ளைகளே வீட்டில் சனிக்கிழமை வாங்கியதை நேரே பாறையின் உச்சியில் ஒட்டுகிறார்கள்.

பாசி தன் நிறமிகளை மாற்றிக்கொள்ள நாட்கள் அல்ல, வாரங்கள் வேண்டும். துண்டை மணலில், நிழல் பக்கமாக வையுங்கள். அல்லது லைற்றைப் பாதியாகக் குறைத்து மூன்று நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். பல எல்ஈடி ஆப்களில் இதற்கென்றே அக்லிமேஷன் என்ற வசதி இருக்கிறது, ஒருவரும் அழுத்துவதில்லை. பிறகு துண்டைத் தொடாதீர்கள். இன்று இடம், நாளை லைற், நாளன்றைக்கு நீரோட்டம் என்று மாற்றினால் எது பிடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? என் வேலையில் ஒரே நேரத்தில் மூன்று செற்றிங் மாற்றுபவரை சேர்வர் பக்கம் விடமாட்டோம்.

இன்னொன்று டிப். மருந்துத் தண்ணீரில் முக்கினால் பூச்சி போய்விடும் என்கிறார்கள். அக்ரொபோராவைத் தின்னும் தட்டைப்புழு விழும், சரி. அதன் முட்டை விழாது. அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிக் கூட்டமாக ஒட்டியிருக்கும், சுரண்டி எடுக்கவேண்டும். கடை தந்த பிளக்கைக் கழற்றி எறியுங்கள். சோவாந்திட் என்றால் கையுறையும் கண்ணாடியும் போடாமல் வெட்டவேண்டாம், அது ஒட்டியிருந்த பாறையைக் கொதிக்கவைக்கவே வேண்டாம். பாலிடொக்சின் ஆவியால் குடும்பமாக ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு கடையில் இந்தத் துண்டு எத்தனை பாரில் இருந்தது என்று கேட்டேன். சிரித்தார்கள். தம்பிமார், தங்கச்சிமார், நீங்களும் கேளுங்கள். சுவரில் கல்லுப் பவளங்களுக்கான சைற்றிஸ் அனுமதி பற்றி நோட்டீஸ் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும் பார் அளவையும் உப்பையும் எழுதி ஒட்ட ஐந்து நிமிடம் போதும். எழுதாத கடையில் நான் வாங்குவதில்லை.