வீட்டிலும் அலுவலகத்தை மூடுங்கள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பலருடைய வீட்டுக் கம்ப்யூட்டர் அலுவலகமாக மாறியது. சிலருக்கு இன்றும் அப்படியே தொடர்கிறது. பஸ் செலவும் அலைச்சலும் மிச்சம்தான். ஆனால் இரவு 10 மணிக்கு மெயில் வந்த ஒலி கேட்டாலும் கை மவுஸைத் தேடுகிறது. பாடம் கேட்க வந்த பிள்ளை நோட்டுடன் காத்து நிற்கிறது.

வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்ஸ் நாட்டில் 2017 முதல் சட்டத்திலேயே உள்ளது. நம் வீட்டில் நாம்தான் நேரம் குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. விண்டோஸில் அலுவலக வேலைக்கென்று தனி யூசர் அக்கவுண்ட் ஒன்றை உருவாக்குங்கள். வேலை முடிந்ததும் அதிலிருந்து சைன் அவுட் செய்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். அதன்பின் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு.