அங்கிள், பந்து!

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. சர்வகலாசாலை எதுவும் வழங்கியதல்ல. எங்கள் ஆதம்பாக்கம் தெருவில், சுவரில் கரியால் மூன்று கோடு போட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த ஒரு பொடியன் வழங்கியது. பந்து எங்கள் காம்பவுண்டுக்குள் வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு போனேன். "ஒரு ஓவர் நானும் போடட்டுமா?" என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அவன் கையை நீட்டி, "அங்கிள், பந்து!" என்றான்.

நீங்களும் இந்தப் பட்டத்தை வாங்கியவர்தானே? அன்று உடனே உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்களே? நானும் பார்த்தேன். பையன் மேல் தப்பில்லை.

நாம் எப்போது பெரியவர்களானோம்? சட்டத்தைக் கேட்டால் பதினெட்டு வயது என்று சொல்லும். 1875-ஆம் ஆண்டிலேயே அப்படி எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் 1989 வரை ஓட்டுப் போட மட்டும் 21 ஆகவேண்டும் என்றிருந்தது. அதாவது பாட்டன் சொத்தை விற்றுத் தின்ன 18 போதும், எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்க 21 வேண்டும். சட்டத்துக்கே குழப்பம்! எங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்களேன். ஆலந்தூர் நகராட்சியின் மடியில் இருந்துவிட்டு, 2011-ல்தான் சென்னை மாநகராட்சிக்குள் அடியெடுத்து வைத்தது.

என்னைக் கேட்டால், மின்சார பில்லைச் சொல்வேன். சின்ன வயதில் நான் அறையை விட்டு வெளியே வந்தால், பின்னாலேயே அப்பாவின் குரல் வரும்: "ஃபேனை யாருக்குடா சுத்த விட்டிருக்கே? பேய்க்கா?" மகா கருமி என்று நினைத்துக்கொள்வேன். இன்று இரண்டு மாதக் கணக்கில் கொஞ்சம் யூனிட் இலவசம். ஆனால் 500-க்கு மேல் ஒரே ஒரு யூனிட் ஏறினாலும் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுக்கும் ரேட் கூடிவிடும். இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். போன வாரம் என் பெண் அறையை விட்டு வெளியே வந்தாள். "ஃபேனை யாருக்கு...?" என்று ஒரு குரல் கேட்டது. சாட்சாத் அப்பாவின் குரல். வந்தது என் தொண்டையிலிருந்து!

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத ஒன்றும் நடந்தது.

2015 டிசம்பர் முதல் தேதி. அன்றைய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ராத்திரி விளக்கும் இல்லை, போனும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வாசற்படி மூன்று. இரண்டாவது படி தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பா டார்ச் விளக்குடன் நின்றுகொண்டிருந்தார். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் காலேஜ், எந்த டாக்டர் என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானித்த மனிதர். டார்ச்சைத் தண்ணீரிலிருந்து எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"என்னடா பண்ணலாம்?" என்றார்.

யோசனை கேட்பது போல் அல்ல, உண்மையாகவே கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தண்ணீர் ஏறுமா, நிற்குமா, எனக்கென்ன தெரியும்? "மாடி வீட்டுக்குப் போயிடலாம்ப்பா. அம்மாவைப் பிடிச்சுக்குங்க, நான் பெட்டியை எடுத்துக்கிட்டு வரேன்" என்றேன், ஏதோ பத்து வெள்ளம் பார்த்தவன் மாதிரி. அப்பா மறுபேச்சுப் பேசாமல் நடந்தார். மாடிப்படி ஏறும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது: இத்தனை வருஷமாக இவரும் இப்படித்தான், ஒன்றும் தெரியாமலே, தெரிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாரோ?

மாடி வீட்டார் நல்லவர்கள். பாயும் போர்வையும் கொடுத்தார்கள். விடிந்ததும் அப்பாவுக்குக் காபி இல்லாமல் கை நடுங்கியது. முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பால் தேடிப் போனேன். மூன்று தெரு தாண்டி ஒருவரிடம் இருந்தது. அரை லிட்டர் பாக்கெட் நூறு ரூபாய். பேரம் பேச மனசில்லை, வாங்கிவிட்டேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் சிறுவனாயிருந்தபோது தீபாவளிக்குத் தீபாவளி அப்பா எங்களுக்கு மட்டும் புதுச் சட்டை எடுப்பார். "உங்களுக்கு?" என்றால், "எனக்குப் போன வருஷத்துதே புதுசாத்தானே இருக்கு" என்பார். ஓட்டலுக்குப் போனால் எங்களுக்கு மசால் தோசை, தனக்குப் பாதிக் காபி. "பசியே இல்லைடா." எல்லாவற்றையும் நம்பினேன்.

டம்ளரை வாங்கிக்கொண்டு அப்பா கேட்டார்: "பால் என்ன விலை சொன்னான்?"

"எப்பவும் கொடுக்கற விலைதான்ப்பா" என்றேன்.

அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்படியா, பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு, காபியை ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்.