கோகி யுரேனியச் சுரங்கம்: ஊரைக் கேட்க வேண்டாமா?

பெங்களூருக்கு வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில், யாதகிரி மாவட்டம் ஷாகாபூர் தாலுகாவில் கோகி என்ற கிராமம் இருக்கிறது. பீஜப்பூரை ஆண்ட ஆதில்ஷாகி வம்சத்தின் முதல் சுல்தான்கள் அடக்கமான பழைய ஊர். சோளமும் துவரையும் பருத்தியும் விளையும் பூமி. அந்தப் பூமிக்கு அடியில் யுரேனியம் இருப்பதை அணுசக்தித் துறையின் கனிம ஆய்வாளர்கள் 1990-களில் கண்டறிந்தனர். சோதனைச் சுரங்கமும் தோண்டப்பட்டது. அங்கே முழுச் சுரங்கமும் ஆலையும் அமைக்கும் யோசனை, மத்திய அரசின் யுரேனியம் கார்ப்பரேஷனின் திட்டப் பட்டியலில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஊர் மக்களின் எதிர்ப்பும் பல ஆண்டுப் பழசுதான்.

இதற்கிடையே முக்கியமான மாறுதல் ஒன்று ஏற்பட்டது. அணுக் கனிமங்களையும், ராணுவத்துக்கும் தொழிலுக்கும் இன்றியமையாதவை எனக் கருதப்படும் வேறு சில கனிமங்களையும் எடுக்கும் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியதில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8-ம் தேதி ஒரு குறிப்பாணை வெளியிட்டது. சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை தயாராகும். அதை டில்லியில் நிபுணர்கள் பரிசீலிப்பார்கள். ஆனால் சுரங்கம் வரப்போகும் ஊர்க்காரன் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பதற்கு இருந்த இடம் போய்விட்டது.

நாட்டின் தேவை

மத்திய அரசின் வாதத்தையும் அலட்சியப்படுத்த முடியாது. நாட்டின் அணுமின் உற்பத்தித் திறன் 2025-ல் சுமார் 8,800 மெகாவாட். இதை 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவது என்று அவ்வாண்டு பட்ஜெட்டில் இலக்கு வைக்கப்பட்டது. உலைகள் பெருகினால் எரிபொருளும் பெருக வேண்டும். எல்லாவற்றுக்கும் வெளிநாட்டை நம்பியிருப்பது நல்லதல்ல என்பதை யாரும் ஒப்புக்கொள்வார்கள். கர்நாடகத்திலேயே கைகாவில் 880 மெகாவாட் திறனுள்ள அணுமின் நிலையம் இருக்கிறது. மின்சாரத்தை அனுபவிக்கும் நகரவாசிகள் யுரேனியமே கூடாது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் நாட்டின் தேவைக்காக ஒரு ஊர் நஷ்டத்தை ஏற்க வேண்டுமென்றால், எவ்வளவு நஷ்டம், எத்தனை காலத்துக்கு என்பதை அந்த ஊருக்குச் சொல்ல வேண்டும் அல்லவா?

மிஞ்சி நிற்கும் மண்

யுரேனியச் சுரங்கத்தில் பெரிய பிரச்சினை வெளியே எடுத்துச் செல்லும் பொருளல்ல, விட்டுச் செல்லும் பொருள். நம் நாட்டுக் கனிமம் தரம் குறைந்தது. ஜார்க்கண்டில் உள்ள ஜாதுகுடாவில் ஒரு டன் கல்லை உடைத்தால் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. கோகியின் கனிமம் அதைவிடத் தரமானது என்று கூறப்படுகிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒரு டன்னில் ஒன்றிரண்டு கிலோதான் கிடைக்கும். பாக்கி முழுவதும் மாவாக அரைபட்டு, ரசாயனங்களோடு கலந்து, சேறாகக் கழிவுக் குட்டையில் போய்ச் சேரும்.

யுரேனியத்தைப் பிரித்து எடுத்துவிட்டதால் அந்தச் சேறு சாதுவாகிவிடுவதில்லை. மூலக் கனிமத்தில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அதிலேயே தங்கிவிடுகிறது. அதிலுள்ள ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். தோரியம் வகை ஒன்றுக்கோ சுமார் 75,000 ஆண்டுகள். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு கசிந்துகொண்டே இருக்கும். காற்றோட்டமில்லாத சுரங்கத்தில் அதைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்பது பல நாடுகளில் நிரூபணமான விஷயம். தண்ணீரில் கலக்கும் யுரேனியம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

சுரங்கத்தின் ஆயுள் சில பத்தாண்டுகள். குட்டையின் ஆயுளுக்குக் கணக்கே இல்லை. கார்ப்பரேஷன் போன பிறகு அந்தக் குட்டைக்குக் காவல் யார்?

ஜாதுகுடாவும் தும்மலப்பள்ளியும்

யுரேனியம் கார்ப்பரேஷன் 1967-ல் தொடங்கப்பட்டது. அதன் முதல் சுரங்கமான ஜாதுகுடாவைச் சுற்றி சந்தால், ஹோ பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். குழந்தைகள் ஊனத்தோடு பிறப்பதாகவும், நோய்கள் அதிகம் என்றும் அவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். கதிரியக்கம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, நோய்க்கு வறுமையும் சத்துக்குறைவும் போன்ற வேறு காரணங்கள் உண்டு என்பது கார்ப்பரேஷனின் பதில். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்று 2004-ல் தள்ளுபடியாயிற்று. 2006 டிசம்பரில் கழிவைக் கொண்டு செல்லும் குழாய் உடைந்து, சேறு ஓடையில் கலந்தது.

ஆந்திராவில் கடப்பை மாவட்டத்தின் தும்மலப்பள்ளி நமக்கு இன்னும் பக்கம். அங்கே 2006-ல் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பின்னர் சுரங்கமும் ஆலையும் வந்தன. சில ஆண்டுகளில், கிணற்று நீர் கெட்டது, வாழைத் தோட்டம் கருகிற்று என்று விவசாயிகள் புகார் செய்தார்கள். கழிவுக் குட்டையின் அடித்தளம் முறைப்படி அமைக்கப்படவில்லை என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கார்ப்பரேஷனுக்கு நோட்டீஸ் கொடுத்தது. கார்ப்பரேஷன் குற்றச்சாட்டுகளை மறுத்தது.

கூட்டம் நடத்தியும் தும்மலப்பள்ளியில் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூட்டத்தில் ஆட்சேபித்தால் மட்டும் சுரங்கம் நின்றுவிடுவதில்லை. ஆனால் அங்கே பேசப்படுவது அரசாங்க ஏட்டில் பதிவாகிறது. கொடுத்த வாக்குறுதி எழுத்தில் இருந்தால்தான், அது மீறப்பட்டபோது விவசாயி அதைக் காட்டி வாதாட முடியும். அந்த ஏடும் இல்லையென்றால் அவன் கையில் என்ன இருக்கும்?

முதலில் அளந்து வைக்க வேண்டும்

இரண்டு இடங்களிலும் தகராறு ஒன்றுதான். சுரங்கத்தால் கெட்டது என்கிறார்கள் மக்கள். அப்படி இல்லை என்கிறது நிர்வாகம். சுரங்கம் வருமுன் தண்ணீரும் ஜனங்களின் ஆரோக்கியமும் எப்படி இருந்தன என்பதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் கணக்கு இல்லாததால் விவகாரம் தீராமலே நிற்கிறது.

கர்நாடகத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கடினம். மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் 73 கிராமங்களின் நிலத்தடி நீரைப் பரிசோதித்த விஞ்ஞானிகள் 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ள வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் யுரேனியம். 57 கிராமங்களில் அதற்கு மேல் இருந்தது. அங்கெல்லாம் யுரேனியச் சுரங்கம் ஏதுமில்லை. பாறையிலிருந்தே யுரேனியம் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கலக்கிறது.

ஆகவே நாளை கோகியில் கிணற்று நீர் கெட்டால், "இது இயற்கை, எங்கள் குற்றமல்ல" என்று நிர்வாகம் சொல்வது சுலபம். இன்றே ஒவ்வொரு கிணற்றையும் சோதித்து, கணக்கை ஊருக்குக் கொடுத்து வைத்தால் அந்தப் பேச்சுக்கு இடமிராது. நிர்வாகத்தின் மீது வீண்பழி விழாமலும் அதே கணக்கு காப்பாற்றும்.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

ஆடுகோடியிலும் அல்சூரிலும் வாழும் தமிழர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் கோலாரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1880 முதல் வெள்ளைக்காரக் கம்பெனி நடத்திய அந்தத் தங்கச் சுரங்கத்துக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்மவர்கள், மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போயிற்று. நுரையீரலில் கல்தூசியோடு மனிதர்களும், 13 சயனைடு மண்மேடுகளும் மிஞ்சின. சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண் அது. வறண்ட காலத்தில் காற்றடித்தால் இன்றும் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. மூடிய பிறகு என்ன செய்வது என்பதைத் திறக்கும்போதே தீர்மானிக்காததன் பலன் இது.

தாய்த் தமிழகத்திலும் இதே பிரச்சினை உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்த்து வருகிறார்கள். குறிப்பாணையை வாபஸ் வாங்கும்படி அப்போதைய தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இன்னொன்றும் உண்டு. பெங்களூரில் எழும்பும் அடுக்குமாடிக் கட்டடங்களில் செங்கல் சுமப்பவர்களில் யாதகிரி, ராய்ச்சூர்க்காரர்கள் ஏராளம். ஊரில் பிழைப்பின்றி வந்தவர்கள் அவர்கள். நிலம் போனால் இன்னும் பல குடும்பங்கள் அதே ரயிலில் வரும். பிழைப்புக்காகச் சொந்த மண்ணை விட்டு வருவது என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மாநில அரசு செய்யக்கூடியது

மத்திய அரசு கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மாநில அரசின் கை கட்டப்பட்டுவிடவில்லை. கேட்புக் கூட்டத்தைக் கைவிடலாம் என்கிறதே தவிர, கிராம சபையைக் கூட்டக் கூடாது என்று குறிப்பாணை சொல்லவில்லை. மேகாலய அரசு, தான் முன்பு கொடுத்த நில அனுமதியை 2016-ல் ரத்து செய்தது. நல்லமலைக் காட்டில் யுரேனியம் எடுக்கக் கூடாது என்று தெலங்கானா சட்டசபை 2019-ல் தீர்மானம் போட்டது.

கர்நாடக அரசு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது கோகி மக்களின் விருப்பத்தைப் பொறுத்தது. குறைந்தபட்சம் நான்கு காரியங்கள் நடக்க வேண்டும். ஆய்வறிக்கை முழுவதையும் கன்னடத்தில் அச்சிட்டுச் சுற்றுவட்டாரக் கிராம சபைகளில் விவாதிக்க வேண்டும். கார்ப்பரேஷனுக்குச் சம்பந்தமில்லாத மருத்துவர்களையும் விஞ்ஞானிகளையும் கொண்டு நீரையும் ஆரோக்கியத்தையும் முன்கூட்டியே கணக்கெடுக்க வேண்டும். நிலத்தை 2013-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, சமூகப் பாதிப்பு ஆய்வு நடத்திய பிறகே எடுக்கும்படி வற்புறுத்த வேண்டும். சுரங்கத்தை மூடிய பின் கழிவுக் குட்டையைப் பராமரிக்கத் தனி நிதியை, முதல் கூடை மண் வெளியே வருமுன்பே கட்டச் சொல்ல வேண்டும்.

இவற்றில் எதுவும் தேசத்தின் பாதுகாப்புக்குக் குந்தகமானதல்ல. நல்ல திட்டமென்றால் ஊராரின் கேள்விக்குப் பதில் சொல்ல அது அஞ்ச வேண்டியதில்லை. கோலாரில் 120 ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வியைக் கோகியில் முதல் நாளே கேட்க வேண்டும். அதற்கு வழிசெய்வது பெங்களூர் விதான சவுதாவில் இருப்பவர்களின் பொறுப்பு.