ஒரே கூரை, இரு வாசல்கள்

புது தில்லி: புணே நகரின் பிடே வாடாவில் 1848-இல் ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். பள்ளிக்குச் செல்லும் வழியில் சாவித்ரிபாய் மீது சாணமும் கல்லும் வீசப்பட்டன.

புலே 1873-இல் எழுதிய 'குலாம்கிரி'யைத் தழுவி எழுத்தாளர் ஸ்ரீவித்யா நடராஜனும் ஓவியர் அபராஜிதா நினானும் இணைந்து படைத்த சித்திர நூலை 2011-இல் நவயானா வெளியிட்டது. அதில் எழுத்தையும் ஓவியத்தையும் பிரிக்க இயலாது.

ஆனால், அரசு பிரித்தே பார்க்கிறது. சாகித்ய அகாதெமியும் லலித் கலா அகாதெமியும் ரவீந்திர பவன் என்ற ஒரே கூரையின்கீழ் அமைந்தவை. எழுத்துக்கு ஒரு விருது, ஓவியத்துக்கு மற்றொன்று. கூட்டுப் படைப்புக்கென எதுவுமில்லை.

புணே பல்கலைக்கழகத்துக்கு 2014-இல் சாவித்ரிபாயின் பெயர் சூட்டப்பட்டது, நன்று. இரு அகாதெமிகளும் சேர்ந்து கூட்டுப் படைப்புக்கு ஒரு விருதை நிறுவட்டும். இணைந்தே உழைத்த அந்தத் தம்பதிக்கு அதுவே உரிய மரியாதை.