அடித்தார்களா என்று முதலில் கேட்போம்

காவல் நிலையச் சுவர்களில், கைது செய்யப்படுவோரின் உரிமைகளைக் கூறும் பலகைகளைக் காண்கிறோம். 1996-ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் அவை. கைதுக் குறிப்பில் நேரமும் சாட்சியின் கையொப்பமும் இருக்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் கட்டளை.

பலகையைப் படிக்கும் நமக்கு மனநிறைவு உண்டாகலாம். அதன் கீழே தரையில் உட்கார வைக்கப்பட்டவரோ காவல்துறையை வேறு அளவுகோலால் அளக்கிறார். என்ன சொல்லி அழைத்தார்கள்? தண்ணீர் கேட்டபோது கிடைத்ததா? வீட்டிற்குச் செய்தி போனதா? தொழுகைக்கு இடம் தந்தார்களா?

அவருடைய இந்தச் சாட்சியம் பெரும்பாலும் பதிவாவதே இல்லை. "உன்னை அடித்தார்களா?" என்று நடுவர் கேட்கும்போது, அழைத்து வந்த காவலர் அருகிலேயே நிற்கிறார். திரும்பிச் செல்வதும் அவருடன்தான். அந்த நிலையில் வரும் 'இல்லை' என்ற சொல்லை உண்மையென்று எப்படி நம்புவது? 2020-இல் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காயங்களுடனேயே கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாள்களில் இருவரும் இறந்தார்கள். 2025-இல் நகைத் திருட்டுப் புகாரில் விசாரிக்கப்பட்ட திருப்புவனம் கோயில் காவலாளி, நடுவரைக் காணும் முன்பே உயிரிழந்தார்.

ஷாம் நாட்டில் உழவர் சிலர் வரிக்காக வெயிலில் நிறுத்தப்பட்டிருந்ததை நபித்தோழர் ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) கண்டார்கள். உலகில் மக்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதை ஆளுநரிடம் சென்று எடுத்துரைத்தார்கள். ஆளுநர் அவர்களை விடுவித்தார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்வு இது. வதைபட்டவர்கள் முஸ்லிமல்லாத உழவர்கள். வதைத்ததோ முஸ்லிம்களின் ஆட்சி. வரி பாக்கி உண்டா, இல்லையா என்ற ஆராய்ச்சியில் அந்தத் தோழர் இறங்கவில்லை.

நாமோ நம் சமுதாய இளைஞர் கைதானால் துடிக்கிறோம். திருட்டு வழக்கில் பிடிபட்டவர் 'வழுக்கி விழுந்து' கை முறிந்தார் என்ற செய்தியைப் புன்னகையுடன் பகிர்கிறோம். குற்றவாளி அடிபடலாம் என்று ஒப்புக்கொண்டால், யார் குற்றவாளி என்பதை அடிப்பவரே தீர்மானிப்பார். நாளை அந்தத் தீர்மானம் நம் வாசலுக்கும் வரும்.

ஆகவே ஜமாஅத்துகள் வழக்கறிஞர்களின் தொடர்பு எண்களை அறிவிப்புப் பலகையில் வைக்கட்டும். கைதானோரின் உரிமைகளை ஜும்ஆவில் விளக்கட்டும். விடுதலையாகி வருவோரிடம், அவர் எந்தச் சமயத்தவராயினும், என்ன வழக்கு என்று கேட்கும் முன் என்ன நடந்தது என்று கேட்போம். அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்பதை அறிந்தவர்கள் நாம்.