உடனுறைந்தார் கடன்

நட்பைப் பற்றிய கட்டுரை ஒன்றேனும் இல்லாத ஆண்டு மலர் இத்தமிழ்நாட்டில் உளதோ என யாம் ஐயுறுகின்றோம். ஆண்டுதோறும் ஒருவர் எழுதுவர். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் தவறாது வருவர். கட்டுரை முடியுமுன் கர்ணனும் தலைகாட்டுவான். யாமும் அப்பொருளையே எடுத்துக்கொண்டோம் என்பதனை ஒளிப்பானேன்? ஆயினும் நட்பு முளைக்கும் காலத்தை விடுத்து, அது முதிர்ந்து படுக்கையிற் கிடக்கும் காலத்தைப் பற்றியே சில சொல்ல விழைகின்றோம். பத்தொன்பது வயதினர்க்கு முதுமையைப் பற்றி யாது தெரியும் என நகைப்போர் சற்றே பொறுத்தருள்வாராக. யாம் கண்டதனையே எழுதுகின்றோம்.

விடுதி அறை என்பது விந்தையானதோர் இடம். பெற்றோர் தேர்ந்த உறவும் அன்று, நாமே தேர்ந்த உறவும் அன்று. காப்பாளர் எழுதிய பட்டியலால் நேர்ந்த உறவு அது. இந்நகரத்துத் தூய வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்ற அப்துல் கலாம் தம் வரலாற்றில் தம் அறையைப் பற்றிக் கூறியிருக்கின்றார். இராமேசுவரத்து முஸ்லிமாகிய அவரோடு அவ்வறையில் உறைந்தவர் இருவர். ஒருவர் ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்றாம் ஆண்டில் கலாம் மரக்கறி உணவுக்கூடத்தின் செயலராகியபோது, விடுதித் தலைவராகிய பாதிரியாரை ஒரு ஞாயிறன்று விருந்துக்கு அழைத்து, தத்தம் வீட்டுச் சமையல் வகைகளையெல்லாம் ஒரே பந்தியில் பரிமாறினர் என்று படிக்கின்றோம். பட்டியல் எழுதிய காப்பாளர் இத்துணையும் எண்ணியா எழுதினார்?

எம் பாட்டனாரின் அறையும் அத்தகையதே. அவர் 1962 முதல் 1965 வரை இந்நகரத்து விடுதி ஒன்றில் தங்கிப் பயின்றவர். உடனுறைந்தவர் ஸ்ரீரங்கத்து வைணவர். ஆற்றைக் கடந்தால் அவர் வீடு. ஆயினும் வீட்டில் ஆட்கள் மிகுதியாதலின் படிப்பின் பொருட்டு விடுதியில் விடப்பட்டவர். மார்கழி பிறந்தால் நான்கு மணிக்கு எழுந்து குளித்துவிட்டுத் திருப்பாவை ஓதுவது அவர் வழக்கம். முதலாண்டில் எம் பாட்டனார் தலையணையை எடுத்து எறிந்தாராம். மறு ஆண்டில் காதைப் பொத்திக்கொண்டாராம். மூன்றாம் ஆண்டில் தாமும் சேர்ந்து பாடத் தலைப்பட்டாராம். பாடினாரேயன்றிப் பிழையின்றிப் பாடினாரல்லர். பாசுரம் ஒன்றில் ஒரு சொல்லை எப்பொழுதும் மாற்றியே பாடுவார். தோழர் இடைமறித்துத் திருத்துவார். இவர் மறுநாளும் அவ்வாறே பாடுவார். கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குமட்டும் இப்பூசல் நாடோறும் நிகழும்.

பின்னர் ஒருவர் இரயில்வேயிலும் மற்றவர் வங்கியிலும் அமர்ந்தனர். மணமும் மக்களும் மாற்றலும் எல்லார்க்கும் நேர்வனவே, அவற்றை விரிக்கவேண்டுவதில்லை. ஓய்வு பெற்றபின் ஒருவர் புத்தூரிலும் மற்றவர் ஸ்ரீரங்கத்து உத்தர வீதியொன்றிலும் குடியிருந்து, திங்களுக்கு ஒருமுறையேனும் கண்டு அளவளாவினர்.

2022-ஆம் ஆண்டு ஐப்பசியில் அவ்வைணவப் பெரியாரைப் பக்கவாதம் தாக்கிற்று. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. பிறர் சொல்வது பெரும்பாலும் விளங்கும். தண்ணீர் வேண்டுமென்று கேட்க மட்டும் நா எழாது. உடன் பயின்றோர் கூடிய வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. செய்தி அதனிடத்து வந்த ஒருமணி நேரத்திற்குள் கூப்பிய கைகளின் சிற்றோவியம் நாற்பது வந்து குவிந்தது. எம் பாட்டனாரும் ஒன்று அனுப்பினார். கைகளைக் கூப்பியவர்களுள் கால்களைப் பெயர்த்தவர் எத்துணைபேர் என்று கேட்பின் விடை நாணத்தக்கதேயாம்.

எம் பாட்டனாரும் போகவில்லை. அதனை எழுதவேண்டுமா என்று அவரிடமே கேட்டோம், எழுதுக என்றார். அவ்வாண்டின் இறுதியில் மாம்பழச்சாலைக் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்கும்பொருட்டு மூடிவிட்டனர்; பேருந்துகள் நெடுஞ்சாலைப் பாலத்தின் வழியே சுற்றிச் சென்றன. பாலம் திறக்கட்டும் என்றார். 2023 மார்ச்சில் பாலம் திறந்தது. முழங்கால் நோகிறது என்றார். அது தவக்காலம். ஒருநாள் மாலைச் செபம் முடிந்தபின், யாம் கேளாதிருக்கவே, "அவனை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குத் துணிவில்லை" என்று சொன்னார். அதற்கடுத்த வியாழனன்று யாம் அவரைக் கைப்பிடித்து ஒன்றாம் எண் பேருந்தில் ஏற்றிச் சென்றோம்.

வாயிலில் நின்ற அம்மையார் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "வாங்கோ. இவர் வாசலையே பார்த்துண்டு கிடக்கிறார்" என்றார் அவ்வளவே. அச்சொல்லினும் கடிய சொல்லை யாம் இதுகாறும் கேட்டதில்லை.

நெடுநேரம் இருவரும் ஒருவரையொருவர் நோக்கியவாறே இருந்தனர். பேசத் தெரியாதவராய் எம் பாட்டனார் மின்விசிறியையும் சாளரத்தையும் பார்த்தார். பின்பு, எதனால் தோன்றிற்றோ, அப்பழைய பாசுரங்களைத் தம் கரகரத்த குரலில் பாடத் தொடங்கினார். வழக்கமாகப் பிழைக்கும் இடம் வந்தது, பிழைத்தார். கட்டிலிற் கிடந்தவரின் இடக்கை எழுந்தது. உதடு கோணி நடுங்கிற்று. சரியான சொல் வெளிவந்தது. ஐந்து திங்களில் அவர் வாயினின்றும் வந்த முதற்சொல் அதுவே. பின் அவ்வடி முழுதும் வந்தது. அம்மையார் கொணர்ந்த காபித் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

இதனை அற்புதம் என்று கொள்ளற்க. மூளையில் பேச்சுக்குரிய பகுதி இன்னதென்பதை 1861-இல் பாரிசு நகரத்து மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைக் கொண்டு விளக்கினார். அந்நோயாளியால் ஒலிக்க இயன்றது ஓரசை மட்டுமே. இடப்பக்க மூளை கெட்டுச் சொல்லிழந்தோர் பலரால் முன்னர்ப் பாடமான பாட்டையும் செபத்தையும் எண்வரிசையையும் ஒலிக்க இயலும் என்பது மருத்துவர் அறிந்ததே. 1973-இல் பாஸ்டன் நகரத்தார் இதனையே அடியாகக் கொண்டு, இசையோடு சொற்களைப் பயிற்றும் முறையொன்றை வகுத்தனர். அவ்வீட்டாரும் திருப்பாவையை ஒலிப்பதிவில் நாடோறும் கேட்பித்தே வந்தனர். அவர் வாய் திறந்திலர். ஒலிப்பதிவு யார்க்காகவும் நில்லாது. அன்றியும் அது பிழைபடப் பாடாது.

யாம் சொல்லக் கருதிய கருத்து இதுவே. மனைவியார் அறிந்தது தம் கணவரை. மக்கள் அறிந்தது தம் தந்தையை. பதினெட்டு வயதில் விடியற்காலையில் ஒரு சொல்லுக்காகச் சண்டையிட்ட அவ்விளைஞரை அவ்வீட்டில் அறிந்தவர் எவரும் இலர். அவ்விளைஞர் புத்தூரில் ஒருவரிடத்து அடைக்கலமாக வைக்கப்பட்டிருந்தார். நோய் ஒருவரிடமிருந்து அவரையே கவர்ந்து செல்லும்போது, அடைக்கலப் பொருளை எடுத்துச்சென்று திருப்பிக் கொடுக்கவேண்டியது யார் கடன்? பணம் அனுப்பலாம், பழம் அனுப்பலாம். இதனை அனுப்ப இயலாது. பேச்சுப் பயிற்சியைக் காலந்தாழ்த்தாது தொடங்குதல் நன்று என மருத்துவர் பின்னர் உரைத்தார். அதனைக் கேட்ட எம் பாட்டனார் வீடு வரும்வரையில் பேருந்தில் ஒரு சொல்லும் பேசவில்லை.

தமிழ் பயில்வோர்க்கு இங்கே வேறொரு நோய்ப்படுக்கையும் நினைவுக்கு வரும். இத்திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் 1815-இல் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876 பிப்ரவரி முதல் நாளன்று திருவாவடுதுறையில் உயிர் நீத்தார். அவ்வேளையில் அவரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர். அருகிருந்து திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசித்தவர் சாமிநாதையர். ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக ஐயரவர்கள் வெளியிட்டதனால் இச்செய்தி நமக்குக் கிடைத்தது. ஒரு சாலை மாணாக்கர் இருவர். ஒருவர் உடலைத் தாங்கினார், மற்றவர் செவிக்கு வேண்டியதைத் தந்தார்.  

திருவள்ளுவர் நட்புக்கென ஐந்து அதிகாரம் வகுத்தார். தேர்வுக்கு நாம் நெட்டுருச் செய்வதும் அவ்வைந்தனையே. எம் எண்ணம் யாதெனில், நட்பைப் பற்றிய ஆறாம் அதிகாரம் ஒன்று மருந்து என்னும் தலைப்பின்கீழ் மறைந்து கிடக்கின்றது என்பதே. அதன் இறுதிக் குறளில் மருந்தின் நாற்கூற்றை எண்ணுமிடத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு நிறுத்தாமல், அருகிருந்து துணைசெய்வானையும் ஒரு கூறாகவே அவர் சேர்த்தார். உரைகாரர் இவனை மருந்தை இயற்றிக் கொடுப்போன் என்பர். இருக்கட்டும், பிழைபடப் பாடுவோனையும் அதனுள் அடக்குவதற்கு உரைகாரர் எம்மை மன்னிப்பாராக.

போய் இருந்து என் செய்வது என்று அஞ்சுவோர்க்கு நம் திருமறையில் யோபுவின் தோழர் மூவர் நல்ல பாடமாவர். அவர்கள் துயருற்றவனோடு ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தனர். அதுவரையில் அவர்களினும் சிறந்த நண்பரை எங்கும் காண்டல் அரிது. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின்னரே கெட்டனர். இக்காலத்தும் நோயாளியின் கட்டிலருகே நின்று, உப்பைக் குறைத்திருக்கலாம், நடந்திருக்கலாம், அந்த மருத்துவரிடம் போயிருக்கலாம் என்று உரைப்போர் பலர். அவர்கள் அம்மூவரின் இரண்டாம் பாதியினர்.

கருத்து வேறுபாடு வந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது, இனி எந்த முகத்தோடு போவது என்பாரும் உளர். மகாத்மா காந்தியும் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் 1869-ஆம் ஆண்டில் சில நாள் இடைவெளியிற் பிறந்தவர்கள். கல்லூரித் தோழர் அல்லர். அரசியலில் பல்லாண்டுகள் எதிரெதிர் நின்றவர்கள். 1946 ஜனவரியில் சென்னைக்கு வந்த காந்தியடிகள், மருத்துவமனையில் கிடந்த சாஸ்திரியாரைத் தேடிச்சென்று கண்டார். ஏப்ரலில் சாஸ்திரியார் மறைந்தார். அவ்விருவர்க்கும் இடையிலிருந்த வழக்கினும் பெரிய வழக்கு நம் பழைய மாணவர்களுள் எவர்க்கேனும் உண்டுகொல்?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938-இல் தொடங்கித் தம் மாணவர் 268 பேரைத் தெரிந்தெடுத்து, அவர்கள் வாழ்வை ஆயுள் முழுதும் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். பின்னர்க் குடியரசுத் தலைவரான கென்னடியும் அவருள் ஒருவர். ஐம்பது வயதில் உறவினும் நட்பினும் நிறைவு கொண்டிருந்தோரே எண்பதில் பெரும்பாலும் நலமாக இருந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிபு. இதனை அறிய இத்துணைப் பொருளும் காலமும் வேண்டுமா என்று எம் பாட்டனார் வினவினார். தாம் ஐந்து திங்கள் போகாதிருந்ததனை யாம் நினைவூட்டியபோது, வேண்டியதுதான் போலும் என்றார்.

நிற்க. பழைய மாணவர் கூட்டம் ஆண்டுதோறும் கூடுகின்றது. கொடியேற்றம், வரவேற்பு, நன்கொடைப் பட்டியல், மறைந்தோர்க்கு ஒரு மணித்துளி மௌனம், பின்னர் உணவு. வந்தோரின் பெயர் ஏட்டில் உண்டு. மறைந்தோரின் பெயர் அறிக்கையில் உண்டு. உயிரோடிருந்தும் வர இயலாது கிடப்போரின் பெயர் எங்கும் இல்லை. மௌனத்துக்குத் தகுதி பெறும்வரை அவர்கள் காத்திருக்கவேண்டும் போலும்! இக்கூட்டத்தார் ஒரு தனிப் பதிவேடு வைத்தல் வேண்டும் என்பது எம் விண்ணப்பம். இன்னார், இன்ன தெருவில், இன்ன நோயால் கிடக்கின்றார்; இன்ன ஆண்டில் இன்னாரோடு இன்ன அறையில் உறைந்தார் என்பன அதில் இருத்தல் வேண்டும். கடைசிக் குறிப்பே முதன்மையானது. நோயாளியும் வீட்டாரும் இசைந்தாலன்றிப் பெயரை எழுதலாகாது. தம்மை அந்நிலையில் பிறர் காணலாகாது என்று எண்ணுவோரின் உரிமை பெரிது.

உடனுறைந்தவரும் முதியவராகவே இருப்பர். பேருந்துப் படி உயரம், கண்ணும் மங்கல். அங்கேதான் நமக்கு வேலை. விடுதியில் இன்று வாழும் மாணவர் ஒருவர் ஒரு முதியவரை மாதம் ஒருமுறை மற்றொரு முதியவரிடம் அழைத்துச்சென்று, ஒருமணி நேரம் திண்ணையில் அமர்ந்து பாடம் படித்துவிட்டு, திரும்ப அழைத்துவந்தால் போதும். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் எத்துணைத் தொலைவு? வாட்ஸ்அப்பிலேயே முகங்காட்டலாமே என்பார் சிலர். துபாயிலும் சிங்கப்பூரிலும் உள்ளோர்க்கு அது சரியே. தில்லைநகரில் இருப்போர்க்கு அது சாக்கு.

எம் பாட்டனார் வியாழன்தோறும் இன்றும் போய் வருகின்றார். தோழர்க்கு இப்பொழுது தண்ணீர், காபி, போதும், நாளைக்கு என்னும் சொற்கள் வருகின்றன. எம் பாட்டனாரின் பிழை மட்டும் திருந்தவில்லை. திருத்தக் கருதுவதாகவும் தெரியவில்லை. யாம் இருநூறு பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, கோடிட்டு, விடுதிக் காப்பாளரிடம் கொடுத்திருக்கின்றோம். முதற்பக்கத்தில் இரண்டு பெயரும் ஓர் அறை எண்ணும் எழுதியாயிற்று.